வெயில் பூச்செடி மக்கர் செய்தால்: தருமபுரி, கிருஷ்ணகிரி வாசல்களுக்கு

"போன ஐப்பசியில உங்ககிட்ட வாங்கினதுதாண்ணா" என்று ஆரம்பித்தால் போதும், மீதி என்ன வரும் என்று எனக்குத் தெரிந்துவிடும். கையில் மளிகைக் கடைப் பை ஒன்று இருக்கும். பைக்குள் மஞ்சளாகிப்போன ஒரு கிளை இருக்கும். காரிமங்கலம் பக்கம் சின்னதாக ஒரு நர்சரி வைத்திருக்கிறேன். செடி விற்கும் நேரத்தைவிட, விற்ற செடிக்கு வைத்தியம் சொல்லும் நேரம்தான் அதிகம். வரும் கேள்விகள் ஏழெட்டுதான். திரும்பத் திரும்ப அதே கேள்வி, அதே பதில். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன்.

இது வருஷக்கணக்கில் நிற்கும் பூச்செடிகளுக்கு மட்டும்: செம்பருத்தி, இட்லிப்பூ, அரளி, காகிதப்பூ, நந்தியாவட்டை, குண்டுமல்லி, ரோஜா, நித்தியகல்யாணி, சாமந்தி. ஒரு சீசனோடு முடிந்துபோகும் செண்டுமல்லி, கோழிக்கொண்டையெல்லாம் இதில் சேராது. நாள் முழுக்க வெயில், அடியில் செம்மண் அல்லது சரளை, ஊற்றுவது போர் தண்ணீர். நம் இரண்டு மாவட்டத்திலும் பாதி வீட்டு வாசல் இப்படித்தானே இருக்கிறது.

உங்கள் செடியில் தெரியும் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போங்கள். காசில்லாத சோதனை முதலில் இருக்கும், செலவு வைப்பது கடைசியில் இருக்கும். வரிசையைத் தாண்டாதீர்கள். மருந்துக் கடைக்கு வண்டியை எடுக்கும் முன் கடப்பாரையை எடுங்கள். நான் எல்லோரிடமும் முதலில் சொல்வது இதைத்தான்.

நட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லை, வாடுகிறது

*ஓசூர், பெங்களூர் பக்கத்திலிருந்து வந்த செடியா?*

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தருமபுரி அதில் பாதி உயரம்தான். அங்கே நிழல்வலைக்கு அடியில் தளதளவென்று நின்ற ரோஜாவை ஞாயிற்றுக்கிழமை காரில் ஏற்றிக்கொண்டு வந்து, திங்கட்கிழமை காலையில் வாசல் வெயிலில் நட்டால் அது வாடத்தான் செய்யும். முதல் வாரம் வேப்பமர நிழலில் பையோடு வையுங்கள், காலை வெயில் மட்டும் படட்டும். இரண்டாம் வாரம் மதியம் வரை வெயில் காட்டுங்கள். அப்புறம் நடலாம். ஏற்கனவே நட்டுவிட்டீர்கள் என்றால் மேற்குப் பக்கம் ஒரு தென்னங்கீற்றைச் சாய்த்து வையுங்கள், அது போதும்.

*பை கழற்றி நட்டதா?*

சிரிக்காதீர்கள். கறுப்புப் பையில் நாலு ஓட்டை போட்டு அப்படியே புதைத்துவிட்டு "வேர் தானா வெளிய வந்துரும்னு சொன்னாங்க" என்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பையைக் கழற்றி நட்டவர்களும் ஒன்றைப் பாருங்கள். பை மண் களிமண்ணாக இருந்தால், சுற்றியுள்ள செம்மண் தண்ணீரைக் குடித்துவிடும், நடுவில் இருக்கும் மண்கட்டி மட்டும் காய்ந்து கல்லாக நிற்கும். தண்டுக்கு ஒட்டினாற்போல் ஒரு தென்னங்குச்சியைக் குத்திப் பாருங்கள். குச்சி இறங்காவிட்டால் அதுதான் கோளாறு. ஒரு குடத்தின் அடியில் ஊசி ஓட்டை போட்டு, தண்டு ஓரமாக வைத்து, சொட்டுச் சொட்டாக இறங்கவிடுங்கள். ஒரே நாளில் மண்கட்டி இளகிவிடும்.

*எந்த மாதம் நட்டீர்கள்?*

மாசியிலிருந்து வைகாசி வரை நான் செடி விற்பேன், ஆனால் நடச் சொல்ல மாட்டேன். ஆடி முதல் ஐப்பசி வரை நட்டது பிழைக்கும்.

செத்துவிட்டதா என்று சந்தேகமாக இருந்தால் தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பட்டைக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, பொறுத்திருங்கள். அடித்தண்டு வரை பழுப்பாக இருந்தால் குழியைக் காலி செய்துவிடலாம்.

பகலில் துவண்டு தொங்குகிறது

*மாலையில் தானாக எழுந்துவிடுகிறது*

இது நோயே கிடையாது. சித்திரை வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு நாமே திண்ணையில் துவண்டுதான் கிடக்கிறோம். தண்ணீரைக் கூட்டிவிடாதீர்கள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள். வேரைச் சுற்றி மூன்று விரல் உயரத்துக்குக் காய்ந்த சருகோ தேங்காய் மட்டையோ பரப்புங்கள், தண்டில் ஒட்டாமல்.

இன்னொன்று, நம் ஊர்க் கல்வேலி. பலகைக்கல்லை வரிசையாக நட்டு வேலி கட்டுகிற ஊர் நம்முடையது. அந்தக் கல்லில் மதியம் மூன்று மணிக்கு உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சுடுகிறதா? அதிலிருந்து அரை அடி தள்ளி நிற்கும் செம்பருத்தி இரவு எட்டு மணி வரை அடுப்போரம் நிற்பது மாதிரிதான். இரண்டு மூன்று அடி தள்ளி வையுங்கள். அதற்கு இடமில்லை என்றால் கல்லோரத்துக்குக் காகிதப்பூதான் சரி.

*மாலையிலும் எழவில்லை, மண் காய்ந்திருக்கிறது*

தினமும் ஒரு சொம்பு தெளிக்கும் பழக்கம்தான் பெரும்பாலும் காரணம். மேல்மண் கறுத்துத் தெரியும், ஒரு சாண் கீழே புழுதியாக இருக்கும். ஒன்றரை அடி அகலத்துக்குப் பாத்தி கட்டி, மூன்று நாளைக்கு ஒரு முறை ஒரு பக்கெட் முழுசாக ஊற்றுங்கள். அப்படியும் தேறாவிட்டால் செடிக்கு ஒன்றரை அடி தள்ளிக் கடப்பாரையைப் போடுங்கள். ஒரு அடியில் 'டங்' என்று சத்தம் வந்தால் அடியில் பாறை. அந்த இடத்தில் மேலே மண் கொட்டி மேடு கட்டி நடுவது ஒரு வழி, தொட்டி இன்னொரு வழி. பாறையை உடைக்க ஆள் விடுவது வீண் செலவு.

*எழவில்லை, ஆனால் மண் ஈரமாகவே இருக்கிறது*

இதுதான் ஆபத்து. செடி தாகத்தில் வாடுகிறது என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள், அதோடு முடிந்துவிடும். முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். பக்கத்தில் ஒரு அடிக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி வடியவிடுங்கள், மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது முறை ஊற்றியது மறுநாள் காலையிலும் நின்றால் அங்கே வடிகால் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நித்தியகல்யாணி கூட்டமாகச் சாவது இதனால்தான். வறட்சியை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும் அந்தச் செடி, தேங்கும் தண்ணீரை ஒரு வாரம் தாங்காது.

அடுத்து, வேரை ஒரு பக்கம் மட்டும் தோண்டிப் பாருங்கள். வெள்ளையாக, உறுதியாக இருந்தால் காயவிட்டாலே போதும். பழுப்பாகி, உருவினால் தோல் கழன்று வந்து, நாற்றமும் அடித்தால் வேரழுகல். காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சை மருந்தை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேரோரம் ஊற்றலாம். பாதி வேர் மிச்சம் இருந்தால் பலன் தெரியும். டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையை மக்கிய எருவில் கலந்து போடுவது வருமுன் காப்பதற்கு. இரண்டையும் ஒரே சமயத்தில் போட்டால் காப்பர் அந்த நல்ல பூஞ்சையையே கொன்றுவிடும், இரண்டு காசும் தண்டம்.

இழுத்த மாத்திரத்தில் செடி கையோடு வருகிறது, வேரே இல்லை என்றால் மண்ணைக் கிளறுங்கள். அரைவட்டமாகச் சுருண்ட கொழுத்த வெள்ளைப் புழு இருக்கும். மக்காத சாணியைப் போட்டதன் விளைவு. புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள், அடுத்த முறை ஆறு மாதம் மக்கிய எருவாகப் பார்த்துப் போடுங்கள்.

இலை மஞ்சளாகிறது

எனக்கு வரும் பைகளில் பாதிக்கு மேல் இதுதான். எந்த இலை மஞ்சள் என்பதை முதலில் பாருங்கள். அதைப் பார்க்காமல் நான் பதில் சொல்வதில்லை.

*அடி இலை மட்டும் மஞ்சளாகி உதிர்கிறது, நுனி பச்சையாக இருக்கிறது*

கிளைக்கு இரண்டு மூன்று இலை என்றால் வயதான இலை போகிறது, விடுங்கள். நிறைய உதிர்ந்தால் ஒன்று தண்ணீர் அதிகம், அல்லது சத்துக் குறைவு. மேலே சொன்ன குழிச் சோதனையில் வடிகால் சரியாக இருந்தால், செடிக்கு இரண்டு கூடை மக்கிய தொழுஎரு வைத்து மண்ணைக் கிளறிவிடுங்கள். மூன்று வாரத்தில் தெரியும்.

*நுனியில் வரும் புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை*

இட்லிப்பூவில்தான் இது முதலில் தெரியும், அப்புறம் குண்டுமல்லி, செம்பருத்தி, ரோஜா. இலையை வெயிலுக்கு நேராகப் பிடித்தால் மஞ்சள் துணியில் பச்சை நூலால் வலை பின்னியது போல இருக்கும். முற்றினால் புது இலை வெளுத்து வெள்ளையாகவே வரும். இரும்புச் சத்து செடிக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். நம் செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். மண்ணில் இருக்கிறது, ஆனால் சுண்ணாம்பு அதைப் பூட்டி வைத்திருக்கிறது. சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

முதலில் இடத்தைப் பாருங்கள். புதிதாகக் கட்டிய வீடா? கொத்தனார் சிமென்ட் கலவை குழைத்த இடம், உடைந்த செங்கல், பூச்சு வேலையில் விழுந்த காரை எல்லாவற்றையும் மூடி மேலே அரை அடி செம்மண் போட்டு "தோட்டத்துக்கு இடம் விட்டிருக்கோம்" என்பார்கள். தோண்டினால் சாம்பல் நிறத்தில் கட்டிகட்டியாக வரும். இரண்டுக்கு இரண்டு அடி குழி எடுத்து அந்த மண்ணை அள்ளி வெளியே போட்டுவிட்டு, வெளியிலிருந்து செம்மண்ணும் எருவும் சரிக்குச் சரி நிரப்புங்கள். ஒரு நாள் கூலியோடு போகும்.

அடுத்து மண். ஒரு கைப்பிடி மண்ணை நன்றாகக் காயவைத்து எலுமிச்சைச் சாறோ வினிகரோ விடுங்கள், காதருகே வையுங்கள். பொரிகிற சத்தம் கேட்டு நுரைத்தால் மண்ணிலேயே சுண்ணாம்பு இருக்கிறது. குழி தோண்டும்போது வெள்ளை வெள்ளையாக உருண்டைச் சுக்கான்கல் வந்திருக்குமே, அதுதான்.

மூன்றாவது தண்ணீர். பக்கெட்டின் உள்புறமும் தொட்டியின் விளிம்பும் வெள்ளைப் படலம் கட்டியிருக்கிறதா பாருங்கள். மழை பெய்து பதினைந்து நாள் கழித்து வரும் புது இலை பச்சையாகவும், மறுபடி போர் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்ததும் மஞ்சளாகவும் வந்தால் குற்றவாளி தண்ணீர்தான், மேற்கொண்டு விசாரணை வேண்டாம்.

உடனடி வைத்தியம் அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், அரை மூடி எலுமிச்சைச் சாறு. மாலை வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளியுங்கள். கலந்த உடனே அடித்துவிட வேண்டும், வைத்திருந்தால் துருப்பிடித்த நிறமாகிப் பயனற்றுப்போகும். வாசலில் கிரானைட் போட்டிருந்தால் சாக்கு விரித்துக்கொள்ளுங்கள், கறை போகாது. பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை அடித்தால் புது இலை தேறும், ஏற்கனவே மஞ்சளானது முழுசாகப் பச்சையாகாது. இதையே மண்ணில் கொட்டுகிறவர்கள் உண்டு. சுண்ணாம்பு மண்ணில் அது சில நாளில் பூட்டிக்கொள்ளும், பலனில்லை.

மண் வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்றால் கீலேட் இரும்பு வாங்க வேண்டும், சுண்ணாம்பு பூட்டிவிடாதபடி வேறொரு பொருளோடு பிணைத்த இரும்பு அது. அட்டையில் ஈ.டி.டி.ஹெச்.ஏ. என்று இருப்பதுதான் சுண்ணாம்பு மண்ணில் நிற்கும். மலிவாகக் கிடைக்கும் ஈ.டி.டி.ஏ. வகை நம் மண்ணில் தாக்குப்பிடிக்காது. விலை அதிகம். நாலு இட்லிப்பூச் செடிக்காக வருஷா வருஷம் அதை வாங்குவதைவிட அந்த இடத்துக்கு ஏற்ற வேறு செடியை வைப்பது மேல் என்பது என் கட்சி.

*இலை ஓரமும் நுனியும் தீய்ந்தது போலக் கருகுகிறது*

உப்பு. பாலக்கோட்டில் ஒரு அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். முன்வாசலில் எட்டு ரோஜா, பின்வாசலில் நாலு ரோஜா, எல்லாம் ஒரே நாளில் என்னிடம் வாங்கியது. பின்னால் இருந்தவை பூத்துக் குலுங்கின, முன்னால் இருந்தவை ஓரம் கருகி நின்றன. மருந்து இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. போய்ப் பார்த்தேன். சமையலறை ஆர்.ஓ. மெஷினின் கழிவுக் குழாய் ஒரு நீலக் குடத்தில் விழுந்துகொண்டிருந்தது. "இந்தத் தண்ணிய என்னக்கா பண்றீங்க?" என்றேன். "கீழ ஊத்த மனசு வரல தம்பி, முன்னாடி செடிக்குத்தான் ஊத்தறேன்" என்றார். போர் தண்ணீரில் இருக்கும் உப்பையெல்லாம் பிரித்து மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீர் அது. குடம் வைத்த இடத்தில் தரையே வெளுத்திருந்தது. அதை வாசல் கழுவவும் பாத்ரூமுக்கும் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, முன்வாசல் செடிகளுக்கு குழாயில் வரும் ஒகேனக்கல் குடிநீரைச் செடிக்கு மூன்று குடம் வீதம் இரண்டு தடவை ஊற்றி உப்பைக் கீழே இறக்கினோம். எட்டில் ஆறு பிழைத்தது.

ஆர்.ஓ. சர்வீஸுக்கு வருபவர் கையில் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் கருவி. செடிக்கு ஊற்றும் தண்ணீரையும் பார்க்கச் சொல்லுங்கள். 450க்குக் கீழ் என்றால் கவலை வேண்டாம். 450 முதல் 2,000 வரை செடியைப் பார்த்து வைக்க வேண்டும், வாரம் ஒரு முறை பாத்தி நிறைய ஊற்றி உப்பைக் கழுவிவிட வேண்டும். 2,000ஐத் தாண்டினால் ரோஜா ஆசையை விட்டுவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் போர் இறங்க இறங்க இந்த எண் ஏறும், அதனால் கோடையில் ஒரு முறை பார்ப்பதுதான் சரியான பார்வை.

செடி கொழுகொழுவென்று இருக்கிறது, பூ மட்டும் இல்லை

*வெயில் நேரத்தை எண்ணினீர்களா?*

"நல்ல வெயில் அடிக்கும்ணா" என்பார்கள். ஒரு விடுமுறை நாளில் காலை ஏழு மணி முதல் மணிக்கு ஒரு தடவை எட்டிப் பாருங்கள். நேரடி வெயில் ஆறு மணி நேரம் தேவை. பக்கத்து வீட்டில் மாடி எழுப்பிய பிறகு பூ நின்றுபோன குண்டுமல்லிகள் ஏராளம்.

*என்ன போடுகிறீர்கள்?*

யூரியா, வாராவாரம் கடலைப் புண்ணாக்குக் கரைசல் என்றால் இலைதான் வரும். மூன்று மாதம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். காகிதப்பூவுக்குத் தண்ணீரையும் குறைக்க வேண்டும். இலை லேசாகத் தொங்கும்வரை காயவிட்டு, அப்புறம் ஊற்றுங்கள். நாற்கரச் சாலையின் நடுவே லாரிப் புகையில் அரளியும் காகிதப்பூவும் பூக்கிற பூவைப் பாருங்கள், அவற்றுக்கு யார் வாராவாரம் புண்ணாக்கு கரைத்து ஊற்றுகிறார்கள்?

*எப்போது வெட்டினீர்கள்?*

குண்டுமல்லியைக் கார்த்திகைத் தொடக்கத்தில், அதாவது நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மொத்தமாக வெட்ட வேண்டும். வெட்டப் பயந்து இலையை மட்டும் உருவுகிறவர்களுக்கு மாசி, பங்குனியில் கைப்பிடிப் பூதான். வெட்டிய பிறகு செடிக்குப் பத்து கிலோ எரு. செம்பருத்தி, அரளி, காகிதப்பூ மூன்றும் புதுத் துளிரில்தான் பூக்கும். பூத்து முடிந்ததும் நுனியை வெட்டினால் அடுத்த சுற்று வரும்.

*சாமந்தியா? தெருவிளக்கு எங்கே இருக்கிறது?*

இது நம்ப முடியாத மாதிரி இருக்கும். சாமந்திக்கு மொட்டு வைக்க நீண்ட, முழு இருட்டான இரவு வேண்டும். வாசலுக்கு நேரே வெள்ளை எல்.இ.டி. தெருவிளக்கு மாட்டிய வருஷத்திலிருந்து பூக்கவில்லை என்று இரண்டு மூன்று பேர் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. இரவு ஒன்பது மணிக்குச் செடி பக்கத்தில் நின்று செய்தித்தாளைப் பிரியுங்கள். எழுத்து படிக்க முடிந்தால் செடியை வீட்டின் மறுபக்கம் மாற்றுங்கள். விளக்கை மாற்றச் சொல்லி மனுக் கொடுப்பதைவிட அது சீக்கிரம் நடக்கும்.

*எல்லாம் சரி, இன்னும் பூக்கவில்லை*

செம்பருத்தியில் பெரிய பூ, இரட்டை நிறம் என்று வரும் புது ஒட்டு வகைகள் கடும் வெயில் மாதங்களில் சுணங்கும். அதை மாற்ற மருந்து கிடையாது. அடுக்கில்லாத நாட்டுச் சிவப்புக்கு அந்தச் சுணக்கம் குறைவு.

மொட்டு வருகிறது, விரியாமல் உதிர்கிறது

உதிர்ந்த மொட்டைப் பொறுக்கிப் பிளேடால் நெடுக்காகப் பிளந்து வெள்ளைத் தாளில் தட்டுங்கள்.

உள்ளே ஒன்றுமில்லை, மொட்டு சுத்தமாக இருந்தால் தண்ணீர் முறைதான் காரணம். நாலு நாள் காயப்போட்டு ஐந்தாம் நாள் வெள்ளம் விடுவது செம்பருத்திக்கு ஆகாது.

கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் வெளிர்நிறத்தில் நெளிந்தால் மொட்டு ஈயின் புழு. மல்லியில் என்றால் மொட்டின் அடி தடித்து ஊதா நிறமாக மாறியிருக்கும். இந்தப் புழு மண்ணில் விழுந்துதான் அடுத்த ஈயாகிறது. ஆகவே உதிர்ந்த மொட்டைத் தினமும் கூட்டி, கட்டிய பையில் போட்டு வெயிலில் காயவையுங்கள். எருக்குழியில் போட்டால் நீங்களே வளர்த்த மாதிரி ஆகும். மல்லி மொட்டில் ஓட்டையும் பச்சைப் புழுவும் இருந்தால் அது மொட்டுப்புழு. இரண்டுக்குமே 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு, அதாவது லிட்டருக்கு 50 கிராம் இடித்து, இரவு ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு சேர்த்து மாலையில் அடியுங்கள். வீட்டுச் செடிக்கு இது போதும். அரை ஏக்கர் மல்லித் தோட்டம் என்றால் இங்கே படிப்பதை நிறுத்திவிட்டுத் தோட்டக்கலை அலுவலரைக் கூப்பிடுங்கள். அது வருமான விஷயம், கைவைத்தியம் பண்ணக் கூடாது.

பஞ்சு, பிசுபிசுப்பு, புழு

வெள்ளைப் பஞ்சு மாவுப்பூச்சி. எறும்பு ஏறுகிறதா பாருங்கள், எறும்புதான் அதைக் கிளைக்குக் கிளை தூக்கிப் போய் வைக்கும். குழாயைக் கட்டை விரலால் அடைத்து வேகமாகப் பீய்ச்சுங்கள், மூன்று நாள் தொடர்ந்து. மிச்சம் இருந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சோப்புக் கரைசல் சேர்த்து. ஒரு கிளை மொத்தமும் பஞ்சாகிவிட்டால் வெட்டி எறியுங்கள். 2008இல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி ஊரையே கலக்கியது பலருக்கு நினைவிருக்கும். செம்பருத்தியையும் அது விடவில்லை. 2010இல் வெளிநாட்டிலிருந்து ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. கண்ட மருந்தையும் அடித்தால் அந்த மாதிரி நல்ல குளவியும் சேர்ந்து சாகும்.

அரளி நுனியில் மஞ்சள் மஞ்சளாக மொய்ப்பது அசுவினி. தண்ணீரைப் பீய்ச்சினால் போதும். அரளியையும் நந்தியாவட்டையையும் விரல் தடிமனில் ஒரு பச்சைப் புழு ஒரே வாரத்தில் மொட்டையாக்கும். குச்சியால் தள்ளி எடுங்கள், செடி மறுபடி துளிர்க்கும். அரளியை வெட்டும்போது கையுறை போடுங்கள், வெட்டிய கிளையை எரிக்காதீர்கள், ஆட்டுக்கு எட்டாமல் போடுங்கள். பால், இலை, புகை மூன்றும் நஞ்சு.

காலையில் பார்த்தால் செடியே மொட்டை, சுத்தமாக நறுக்கியது போல் இருக்கிறது என்றால் பூச்சியைத் தேட வேண்டாம். குளம்புத் தடம் தேடுங்கள்.

ரோஜாவில் வேறு பூ வருகிறது

வாங்கியது சிவப்பு, இப்போது நீளநீளமாக முள்கிளை ஓடி, பூவே இல்லை அல்லது வேறு மாதிரிச் சின்னப் பூ. ஒட்டுக் கட்டிய முடிச்சைப் பாருங்கள். அதற்குக் கீழேயிருந்து கிளம்பியது காட்டுச் செடி. மண்ணை விலக்கி, கிளம்பிய இடத்திலேயே கிழித்தெடுங்கள். மேலாக வெட்டினால் இரண்டாக வரும். முடிச்சுக்கு மேலே எதுவும் உயிரோடு இல்லை என்றால் செடி மாறிவிட்டது, புதிது வாங்குங்கள். என்னிடம்தான் என்றில்லை.

எப்போது அடுத்தவரிடம் போக வேண்டும்

ஒரே வரிசையில் மூன்று வெவ்வேறு வகைச் செடி வாடினால், அன்னபேதி மூன்று முறை அடித்தும் புது இலை மஞ்சளாகவே வந்தால், வேரில் முடிச்சு முடிச்சாகக் கட்டி தெரிந்தால் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதிக்கக் கொடுங்கள். வேர்முடிச்சு என்றால் நூற்புழுவாக இருக்கலாம், அதை என்னைப் போன்ற நர்சரிக்காரன் கண்ணால் பார்த்து உறுதி சொல்ல முடியாது. தருமபுரிக்காரர்களுக்குப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம், கிருஷ்ணகிரிக்காரர்களுக்குக் காவேரிப்பட்டணம் பக்கத்தில் பையூர் ஆராய்ச்சி நிலையம்.

மண் எடுக்க, மேல் சருகை விலக்கி 'வி' வடிவில் அரை அடிக் குழி வெட்டி, ஓரத்தை மேலிருந்து கீழாகச் சீவி எடுங்கள். நாலைந்து இடத்தில் எடுத்துக் கலந்து அரை கிலோ போதும். உரச் சாக்கில் மட்டும் கட்டாதீர்கள், முடிவே மாறிவிடும். தண்ணீருக்கு மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு ஒரு லிட்டர் பிடியுங்கள். வாடிய செடியில் ஒன்றை வேரோடு கொண்டுபோங்கள். கிளையை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போனால் என்னை மாதிரி அவர்களும் முழிப்பார்கள்.

ஒரே இடத்தில் மூன்றாவது செடியும் போய்விட்டது

இரண்டு முறை போனால் செடியைச் சந்தேகப்படலாம். மூன்றாவது முறை இடத்துக்கு ஏற்ற செடியை வையுங்கள்.

உப்புத் தண்ணீர், சுண்ணாம்பு மண் இரண்டுமே இருந்தால் அரளிக்கு ஈடு கிடையாது. குழந்தைகள் வாயில் வைக்கும் வயதில் இருந்தால், ஆடு மாடு வந்துபோகும் வாசலாக இருந்தால் அதை விட்டுவிட்டுக் காகிதப்பூ. ஆடு அதைக் கடிக்கும், ஆனால் மறுபடி வரும். அடியில் பாறை, மேலே ஒரு அடி மண் என்றால் நித்தியகல்யாணி, மேடு கட்டி. ஆடும் மாடும் அதைத் தொடாது. தெருவோரத்துக்கு நல்லது. கொஞ்சம் இடம் இருந்து, மண் சுமார், தண்ணீர் வாரம் ஒரு முறைதான் என்றால் மயில்கொன்றை, ஆளுயரம் வந்து வருஷத்தில் பாதி நாள் பூக்கும். பூஜைக்கு வெள்ளைப் பூ வேண்டும் என்பவர்களுக்கு நந்தியாவட்டை, மதியத்துக்குப் பிறகு கொஞ்சம் நிழல் கிடைத்தால் இன்னும் நன்றாக நிற்கும். இட்லிப்பூ வேண்டியே வேண்டும் என்றால் தொட்டியில் வைத்து மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றுங்கள். இரண்டு டிரம் இருந்தால் ஒரு செடிக்குக் கோடை தாண்டும்.

என் நர்சரி கேட்டுக்கு இடது பக்கம் சரளை. அங்கே நானே இரண்டு முறை இட்லிப்பூ வைத்துத் தோற்றிருக்கிறேன், வாடிக்கையாளர் கண்ணில் படுகிற இடம் வேறு. மூன்றாவது முறை ஆவாரை விதையை ஊறவைத்துப் போட்டேன். முதல் கோடையில் மட்டும் தண்ணீர் ஊற்றினேன். இப்போது இடுப்புயரம் நிற்கிறது. தை பிறக்கும் முன்னால் காப்புக் கட்டத் தெருவே வந்து ஒடித்துக்கொண்டு போகும், இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி துளிர் விட்டுவிடும். விலைக்குக் கேட்டவர்கள் உண்டு. விதைதான் கொடுத்தேன், ஒரு கைப்பிடி, காசு வாங்கவில்லை.